அக்காவின் நரம்பும் பினாங்கின் வைத்தியர்களும்

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. கே.எல். சென்ட்ரல் நிலையம்

பினாங்குக்குப் போகிறவர்கள் சாப்பிடத்தான் போகிறார்கள். நாங்கள் மட்டும் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறோம். ரயில் ஏறுவதற்கு முன்பே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் பழியைப் பினாங்கின் மேல் போட வேண்டாம்.

கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இங்கே பட்டர்வொர்த் ரயிலைப் பிடித்தோம். பயணம் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒருவருக்கு எழுபத்தொன்பது வெள்ளி. ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்லுவோம், வெளிநாட்டு வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். என் அக்கா மலர்விழி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு சின்ன ஐஸ் பை. அதற்குள் அவளுடைய ஊசி மருந்து.

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவளுடைய இடது கண் மங்கியது. பிறகு இடது கால் தன் இஷ்டத்துக்கு இழுத்தது. மல்டிப்பிள் ஸ்க்ளரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தின்னும் நோய். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அடுத்தடுத்த தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அக்கா போட்டுக்கொள்வது அவற்றில் ஒன்று: திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று ஊசி. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், விடிந்தால் போய்விடும். "வாரத்துல மூணு நாளு நான் காய்ச்சக்காரி" என்பாள்.

இந்த மூன்று நாளிலிருந்து விடுதலை தருகிறேன் என்றுதான் ஜார்ஜ்டவுனில் ஒருவர் சொல்கிறாராம். கண்டுபிடித்தது விஜயா சித்தி, எங்கள் அம்மாவின் தங்கை. பாயான் பாரு தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அந்த வைத்தியர் சித்தியின் முதுகுவலியைப் போக்கியிருக்கிறார். அதனால் அக்காவின் மூளை நரம்பையும் போக்கிவிடுவார், மன்னிக்கவும், நேராக்கிவிடுவார் என்பது சித்தியின் கணக்கு.

நான் இந்த வருடம்தான் உணவியலில் பட்டம் வாங்கினேன். இந்த நோய்க்கான உணவு முறைகளைத் தேடித் தேடிப் படித்தவள். அங்கேதான் என் எரிச்சலின் ஊற்று இருக்கிறது. ஒருவர் கொழுப்பைத் தொடாதே என்கிறார். இன்னொருவர் கொழுப்பையே தின்னு என்கிறார். கோதுமையும் பாலும் விஷம் என்று ஒரு கூட்டம், பட்டினிதான் மருந்து என்று மற்றொரு கூட்டம், மீன் எண்ணெய் என்று வேறொரு கூட்டம். வைட்டமின் டி குறைந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். புகைக்கக் கூடாது. உடம்பு எடையைக் கவனிக்க வேண்டும். காய், பழம், மீன், முழுத்தானியம் எல்லோருக்கும் நல்லது, இவளுக்கும் நல்லது. இந்த உணவு இந்த நோயை நிறுத்தும் என்று மட்டும் நேர்மையான எவரும் இன்றைக்குச் சொல்ல முடியாது. மூன்று வருடம் படித்து நான் கொண்டுவந்த பதில் 'தெரியாது' என்பதுதான். அதை வைத்துக்கொண்டு எந்தச் சித்தியோடு வாதாடுவது?

ஈப்போ தாண்டும்போது டிபன் பெட்டியைத் திறந்தேன். பொரிக்காத மீன், கீரை, சிவப்பரிசி, மேலே ஆளிவிதைத் தூள். அக்கா அதைப் பார்த்தாள், பிறகு சுண்ணாம்பு மலைகளைப் பார்த்தாள்.

"பினாங்கு போற ரயில்ல ஆளிவிதை சாப்பிடற மொத ஆளு நான்தான்லா" என்றாள்.

பிற்பகல் ஒன்றரை மணி. பட்டர்வொர்த்

நிலையத்திலிருந்து பெரிப் படகுக்குப் போகும் நடைபாலத்துக்குக் கூரை உண்டு, காற்று இல்லை. இரண்டு பைகளையும் நான் தூக்கிக்கொண்டேன். பாதி வழியில் அக்காவின் இடது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. மடக்குக் கோலை எடு என்றேன். கைப்பைக்குள் இருக்கிறது என்றாள், எடுக்கவில்லை. பின்னால் வந்த மலாய்க்கார அம்மாள் ஒருத்தர் என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். "சும்மா, கால் மரத்துப் போச்சு" என்று அக்கா சிரித்தாள். யார் கேட்டாலும் அதே பதில்தான். பள்ளியில் தலைமையாசிரியரைத் தவிர யாருக்கும் நோயின் பெயர் தெரியாது.

பெரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. கடலில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் குளிரூட்டிய கூடத்தில் உட்கார்ந்த அந்தச் சிறிது நேரத்துக்குள் அக்காவின் கால் பழையபடி ஆகி, கரையில் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்காரர்களுக்கு உடம்பின் வெப்பம் கொஞ்சம் ஏறினாலே பழைய குறைகள் தலைகாட்டும், வெப்பம் இறங்கினால் அடங்கும். அதனால் நோய் முற்றுவதும் இல்லை, விலகுவதும் இல்லை. சேதமான நரம்பு சூட்டில் இன்னும் மோசமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கரையில் கைப்பேசியில் அழைத்த வாடகைக் காடி வந்தது. ஓட்டுநர் காதர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும், சூலியா தெருவில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். சித்தி வீடு இருக்கும் ஜெலுத்தோங் வரை ஆறு கிலோமீட்டர், பன்னிரண்டு வெள்ளி. அக்கா ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைத்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"காலுக்கு என்னம்மா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் நோயின் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

"பேரே இவ்ளோ நீட்டமா இருந்தா வைத்தியமும் நீட்டமாத்தான் இருக்கும்" என்றார் காதர் அண்ணன். "கருஞ்சீரகம் சாப்பிடுறீங்களா? எங்க ஆளுங்க சாவத் தவிர எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லுவாங்க."

"அண்ணே, நீங்க சாப்பிடுறீங்களா?"

"நான் எங்கம்மா. கசக்கும்ல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கிள்ளானில் கிளம்பியதிலிருந்து அதுதான் முதல் உண்மையான சிரிப்பு. அதனால் காதர் அண்ணன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மாலை ஆறு மணி. ஜெலுத்தோங்

சித்தியின் வீடு அடுக்குமாடியில் ஏழாவது மாடி. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை, பக்கத்துச் சந்தில் பசார். சித்தப்பா ஜொகூரில் லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். எனவே சித்தியின் அன்பு முழுவதும் எங்கள் இருவருக்கே கிடைத்தது. நாங்கள் நுழைந்ததும் சித்தி செய்த முதல் காரியம், படுக்கையறையின் ஏர்கானை அணைத்தது. இரண்டாவது, ஜன்னலைச் சாத்தியது.

"நரம்பு வியாதிக்குக் குளுந்த காத்து ஆவாது. வாதம் எறங்கிரும்."

"சித்தி, இவளுக்கு ஆகாதது சூடு. குளிர்ச்சி இல்ல."

"நீ படிச்சது சாப்பாடு. ஏர்கான் இல்ல."

வாதநோய்க்காரரைப் போர்த்தி வைப்பதும், எண்ணெய் தேய்ப்பதும், வெந்நீரில் குளிப்பாட்டுவதும் நம்மவர்களுக்குக் கையோடு பிறந்த பழக்கம். சில வலிகளுக்கு அது இதமாகவும் இருக்கும். நம்முடைய பட்டியலில் கை கால் இழுத்தால் எல்லாமே வாதம்தான். எந்த நோய் என்று கேட்கவே தேவையில்லை, துண்டை எடுத்துப் போர்த்திவிடலாம்.

இரவு உணவு, நாளைய சிகிச்சைக்கு முன்னேற்பாடான பத்தியம். வைத்தியர் வீட்டுக்கே சொல்லி அனுப்பியிருந்தார்: உப்பில்லாத கஞ்சி, சுட்ட வாழைக்காய். மீன் கூடாது, முட்டை கூடாது, புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது. வீட்டுக்குக் கீழேயே கரியடுப்பில் குச்சியில் குத்திய கோழிச் சத்தே வாட்டிக்கொண்டிருந்தார்கள், புகை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. மூன்று பேரும் உப்பில்லாமல் கஞ்சி குடித்தோம். சித்தியும்தான். நோய் இல்லாதவர் எதற்குப் பத்தியம் இருக்கிறார் என்று கேட்டேன். "புள்ள மட்டும் தனியா கஷ்டப்படணுமா?" என்றார்.

ஊசி நேரம் வந்தது. அக்கா குளிர்பெட்டியைத் திறந்தாள், ஊசியைப் பார்த்தாள், மூடினாள்.

"வைத்தியர் ஐயா ஆங்கில மருந்து உள்ள போவாம வரச் சொல்லியிருக்காரு" என்றார் சித்தி. மெதுவாகத்தான் சொன்னார்.

"நாளைக்குப் போட்டுக்கறேன்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

நான் பேசினேன். நிறையப் பேசினேன். தாக்குதல் மறுபடி வந்தால் கண் முழுதாகத் திரும்பும் என்று உறுதியில்லை, மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, நிறுத்துவதென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான். ஒவ்வொரு வார்த்தையும் சரி. அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அந்தச் சாத்திய அறையில் போர்வை.

சனிக்கிழமை, காலை பத்து மணி. ஜார்ஜ்டவுன்

வைத்திய நிலையம், லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே ஒரு புடவைக் கடை, அதன் ஒலிபெருக்கியில் பாட்டு. மரப்படி செங்குத்தானது. நரம்பு நோயாளிகளுக்கான இடத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. அக்கா கைப்பிடியைப் பற்றி ஏறினாள்.

வைத்தியரை எல்லோரும் ஐயா என்கிறார்கள். போலிச் சாமியார் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். ஏமாந்தேன். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல், தைல வாசனை. அக்காவை உட்கார வைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குமா, தூக்கம் எப்படி, கோபம் வருமா. கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்டார். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆசிரியர் ஓட்டம் என்று சொல்லத் தொடங்கிய அக்கா, பாதியில் நிறுத்தி அழுதாள். ஐயா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எங்கள் மருத்துவமனையின் நிபுணர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் அவருடைய கதவுக்கு வெளியே எப்போதும் வராந்தா நிறைய ஆட்கள். அழுவதற்கு அங்கே நேரம் கிடையாது.

நான் கேட்டேன்: "ஐயா, இந்த நோய்க்காரங்க எத்தனை பேரப் பாத்திருக்கீங்க?"

"நோய்க்கு நாம பேரு வெக்கறதில்லம்மா. பேரு வெச்சா அது உடம்புல குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிரும்."

சித்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், எப்படி அடித்தார் பார் என்பதைப் போல.

ஐயா அக்காவிடம் திரும்பினார். "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, பத்தியம் இருங்க டீச்சர். எண்ணெய், வேது, கஷாயம். ஊசிய நிறுத்திரணும். அது உள்ள இருக்கற வரைக்கும் இது ஏறாது. ரெண்டு படகுல கால் வெச்சா எங்க போய்ச் சேருவீங்க?"

"நிறுத்தினா காய்ச்சல் வராதில்ல?" என்றாள் அக்கா.

"வராது."

அது உண்மைதான். ஊசி போடாவிட்டால் ஊசிக் காய்ச்சல் வராது. இப்படிப்பட்ட உண்மைகளோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு வேது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பெட்டி, உள்ளே மூலிகை நீராவி. வேண்டாம் என்று சொன்னேன். வெப்பம் ஆகாது என்று விளக்கினேன். ஐயா பொறுமையாகக் கேட்டார். "டீச்சர்தான் சொல்லணும்" என்றார். டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

வெளியே எடுத்தபோது அவளுடைய இரண்டு காலும் மடிந்தன. நானும் சித்தியும் அக்குளில் கைகொடுத்துக் கட்டிலுக்கு இழுத்தோம். "தேனு, இந்தக் கண்ணுல எதுவும் தெரியல" என்றாள், இடது கண்ணைத் தொட்டுக்கொண்டு. குரல் சாதாரணமாக இருந்தது, கைதான் என் மணிக்கட்டை விடவில்லை.

ஐயா பதறவில்லை. "நோய் வெளியேறுது. அப்படித்தான் மொதல்ல பெருசா காட்டிட்டுப் போவும். நல்ல அறிகுறி."

சித்தி உடனே கம்பளித் துண்டை எடுத்து அக்காவின் மேல் போர்த்தினார். நான் உருவினேன். சித்தி மறுபடி போர்த்தினார். நான் மறுபடி உருவினேன்.

"காத்து படும்டி."

"படட்டும் சித்தி."

"நீ ஒரு காய்கறி டாக்டரு, பேசாம இரு."

துண்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். முனையில் செண்டோல் என்ற ஐஸ் பானம் விற்கும் தள்ளுவண்டி. ஐஸ் வேண்டும் என்றேன். எதற்கு என்றார் வண்டிக்காரர். அக்காவுக்கு என்றேன். "சிரப் ஊத்தவா?" என்றார். வெறும் ஐஸ், ஒரு பை நிறைய, சீக்கிரம் என்றேன். "வெறும் ஐஸ யாரு திம்பா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பார்சலாகப் புங்குஸ் கட்டிக் கொடுத்தார்.

கழுத்துக்குப் பின்னால், அக்குளில், மணிக்கட்டில் ஐஸை மாற்றி மாற்றி வைத்தேன். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன். புடவைக் கடைப் பாட்டுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாறிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அக்கா விரலை அசைத்தாள், பிறகு பாதத்தை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் இருந்த மூலிகைப் படத்தைப் பார்த்து, "அது கீழாநெல்லிதானே?" என்றாள்.

சித்தி கையெடுத்துக் கும்பிட்டார். என்னை அல்ல, ஐயாவை. "சொன்ன மாரியே நோய் போயிருச்சுங்கய்யா."

என் கையில் ஐஸ் பை சொட்டிக்கொண்டிருந்தது. நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை இந்தக் கட்டுரையில் எழுத முடியாது.

சனிக்கிழமை, மாலை

மதியத்துக்குப் பின் திரும்பினோம். ஜெலுத்தோங் பசாருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சித்தி தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அக்காவிடம் தொடங்கினேன்: ஐஸ்தான் காரணம், ஐயா இல்லை, உனக்கே தெரியும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயும் சித்தியும் ஒரே மாரிதான்" என்றாள்.

"நானா?"

"அவங்க துண்டு போத்துறாங்க. நீ ஆளிவிதை தூவற. ரெண்டு வருசமா நீ என் தட்டதான் பாக்கற தேனு. அந்த ஆளு என்னைப் பாத்தாரு."

"அவரு உன்ன வேக வெச்சாரு."

"அதுவும் தெரியும்." மேசையில் இருந்த ஈரத்தில் விரலால் கோடு இழுத்தாள். "ஆனா எனக்கு இது எப்ப நிக்கும்னு அவருதான் தேதி சொன்னாரு. நீ சொல்லு பாப்போம்."

தெரியாது என்று சொன்னேன். சொல்வதற்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் குளிர்பெட்டியிலிருந்து ஊசி வெளியே வரவில்லை. ஐயா திங்கட்கிழமையிலிருந்து மண்டலத்தைத் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார். அக்கா பள்ளி விடுமுறையை இங்கேயே கழிக்கலாம், நான் மட்டும் கிள்ளானுக்குத் திரும்பலாம் என்று சித்தி ஏற்பாடு பேசினார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி

சித்தி அன்றைய பத்திரிகையைப் பரப்பி, நேற்றைய நாலு நம்பர் லாட்டரி முடிவுகளைத் தன் சீட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். எதுவும் விழவில்லை.

"சித்தி, அந்தப் பக்கத்தக் குடுங்க" என்றாள் அக்கா. "ஏர்கானப் போடுங்க."

"எதுக்கு?"

"நாலாம் ஆண்டு பாடம் ஒண்ணு நடத்தணும்."

வகுப்பில் பேசும் குரல். சித்தி ஏர்கானைப் போட்டுவிட்டார், தன்னையறியாமல். அக்கா அதன் கீழே உட்கார்ந்தாள். அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு சித்தியைப் பத்திரிகையோடு கதவருகே நிற்கச் சொன்னாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் படித்தாள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எண்கள் வரை. ஆறுதல் பரிசு எண்கள் பொடிப்பொடியாக அச்சாகியிருக்கும். ஒன்றிரண்டில்தான் தடுமாறினாள்.

"இப்ப பசாருக்குப் போய் வரலாம். தேனு, கோல எடு."

நான் திடுக்கிட்டேன், எடுத்தேன். உச்சி நெருங்கும் வெயிலில் பசாரைச் சுற்றி மெதுவாக ஒரு நடை. கீரைக்காரி, மீன்கடை ஈரம், பட்டறைச் சத்தம். திரும்பி வரும்போது அக்காவின் கால் தேய்ந்தது. மின்தூக்கியில் என்மேல் சாய்ந்துகொண்டாள். வீட்டில் அதே இடம், அதே பத்திரிகை, அதே கண்.

"ஒண்ணாம் பரிசு மட்டும் தெரியுது. அதுல கடைசி நம்பரு ஆறா, எட்டான்னு தெரியல."

"எட்டு" என்றார் சித்தி. குரல் இறங்கியிருந்தது.

மறுபடி ஏர்கான், ஈரத்துணி, ஒரு தம்ளர் குளிர்ந்த நீர். காத்திருந்தோம். அக்கா எழுந்து நின்று ஆறுதல் பரிசு வரை மறுபடி படித்தாள்.

"வெளிய போனப்ப காத்து பட்டிருக்கும்" என்றார் சித்தி, கடைசி முயற்சியாக.

"ஐயாவோட பெட்டிக்குள்ள ஏது சித்தி காத்து?" அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "நேத்து நடந்ததும் இதுதான். அவரு என்னைச் சூடாக்கினாரு, இவ ஆற வெச்சா. நோயி எங்கயும் போவல. உள்ளதான் இருக்கு."

சித்தி பத்திரிகையை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு, "எனக்கு முதுகு நெசமாவே சரியாச்சுடி" என்றார்.

"சரியாயிருக்கும் சித்தி. உங்களுக்கு இருந்தது முதுகுவலி."

"ரெண்டு வருசமா ஒங்கம்மா போன்ல அழுவுறா. நான் இங்க உக்காந்து என்னா செய்ய முடியும்? இது ஒண்ணுதான் செய்ய முடிஞ்சிச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். உடனே நிமிர்ந்து, "இந்த ஏர்கான நாள் பூரா போட்டா கரண்டு பில்லு பாத்து எனக்குதான் வாதம் வரும்" என்றார். ஆனால் அணைக்கவில்லை.

ஐயாவுக்கு அக்காவே போன் செய்தாள். நிலையத்துக்கு வரவில்லை, மண்டலம் வேண்டாம் என்றாள். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். "நீங்க கேட்ட கேள்விங்க எனக்குப் புடிச்சிருந்துச்சுங்கய்யா. ஆனா சூடு ஆவாதவங்களுக்கு வேது போடாதீங்க" என்று சொல்லி வைத்தாள்.

அந்தப் பத்திரிகைப் பாடத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். வெப்பம் கண்ணை மங்க வைக்கும் என்று நிரூபித்ததால், ஊசி நோயை நிறுத்தும் என்று நிரூபணம் ஆகிவிடாது. இதை அவளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? வாய் நமைத்தது. சொன்னேன். என்னால் முடியவில்லை.

"தெரியும்லா. டாக்டர் சொன்னதையும் நீ சொன்னதையும் சேத்துதான் யோசிச்சேன்" என்றாள். "இந்த ஊசி போட்ட ஒன்றரை வருசத்துல புதுசா ஒண்ணும் வரல. அது ஊசியாலயா, சும்மாவான்னு என்னால சொல்ல முடியாது. அத நிறுத்திப் பாக்கற பரிசோதனைக்கு எனக்கு இன்னொரு கண்ணு இல்ல."

மருத்துவமனைத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டு, தவறிய ஊசியை எப்படிப் போடுவது என்று உறுதிசெய்துகொண்டாள்: இன்றைக்குப் போடலாம், ஆனால் இரண்டு ஊசிக்கு நடுவே இரண்டு நாள் வேண்டும், திங்கட்கிழமை ஊசி தள்ளிப்போகும். பகல் ஒரு மணிக்கு, ஏர்கான் அறையில், தொடையில் தானே போட்டுக்கொண்டாள். சித்தி வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் போகவில்லை. பிறகு கீழே இறங்கிப் போய் ஒரு பெரிய மீன் பொட்டலத்தோடு வந்தார். உப்புப் போட்டுச் சமைத்தார்.

மாலை ஐந்து மணி. தெற்கே போகும் ரயில்

ரயிலுக்கு வரும் வழியில், பெரியில் நின்றபடி பினாங்கைத் திரும்பிப் பார்த்தோம். கொம்தார் கோபுரம், அதற்குப் பின்னால் குன்று, மேகம். ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாளில் எங்களுக்குக் கருஞ்சீரகம், வேது, கஷாயம் சொன்னவர்கள் ஒருவர்கூட எங்களைக் கெடுக்க நினைக்கவில்லை. எரிச்சலுக்குக் காரணமே அதுதான். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கிள்ளானில் மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் தெருவில் நோனிச் சாறு விற்பவர் ஒருவர், தேனீயைக் கொட்டவிடுகிறவர் ஒருவர். எதிர்வீட்டு அக்கா தினமும் ஒரு காணொளி அனுப்புவார்.

தைப்பிங் வரும்போது மழை. தைப்பிங் என்றால் மழைதான். அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. நடுக்கம், பல் கிட்டியது. என் சால்வையைக் கொடுத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு ஜன்னலில் தலை சாய்த்தாள்.

எதிர் இருக்கையில் இருந்த தமிழ் அம்மாள், கெப்பாலா பத்தாஸில் மகளைப் பார்த்துவிட்டு ஈப்போவுக்குப் போகிறவர், குனிந்து பார்த்தார்.

"என்னம்மா பாப்பா, ஒடம்பு சரியில்லையா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையில் கைவைத்து நிறுத்தினாள்.

"எனக்கு மல்டிப்பிள் ஸ்க்ளரோசிஸ்னு ஒரு நரம்பு நோயிங்கக்கா. ஊசி போட்டிருக்கேன், அதுக்குக் காய்ச்சல் வரும். விடிஞ்சா போயிரும்."

"ஐயோ, சின்ன வயசு" என்றார் அம்மாள். "ஈப்போல ஒருத்தர் இருக்காரும்மா, மூலிகை. நம்பர் தரவா?"

"வேணாங்க்கா."

"அப்ப இந்த ஊசியில நல்லாயிருமா?"

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"தெரியாதுக்கா. அடுத்த ஊசி செவ்வாக்கெழம."